வளவில் உட்கார்ந்து படித்த ஜப்பான், கொரியா காமிக்ஸ்

போன மழைக்கு எங்கள் வீட்டு முகப்புச் சுவரிலிருந்து ஒரு டைல் பெயர்ந்து விழுந்தது. மயில் போட்ட டைல், பச்சையும் கருநீலமுமாகக் கண்ணாடி மாதிரி மின்னும். நல்லவேளை, உடையவில்லை, ஓரத்தில் மட்டும் சில்லுப் போயிருந்தது. திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் சுண்ணாம்புக்கு நடுவே 'மேட் இன் ஜப்பான்' என்று அச்சு. செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. தேக்கு பர்மாவிலிருந்து, பளிங்கு இத்தாலியிலிருந்து, நிலைக்கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து, சுவருக்குப் பூப்போட்ட டைல் ஜப்பானிலிருந்து என்று கப்பலில் வரவழைத்துக் கட்டிய வீடுகள் இங்கே தெருவுக்குத் தெரு இருக்கின்றன. ஆனாலும் அந்த டைலை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பதினைந்து வருஷமாக அந்தச் சுவரில் சாய்ந்துதான் ஜப்பான் காமிக்ஸ் படித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தப் பதிவு முதலில் என் அண்ணன் மகனுக்காக. பிள்ளையார் நோன்புக்குப் பங்காளிகள் எல்லோரும் ஊருக்கு வந்திருந்தார்கள். இழை எடுத்து முடிந்த இரவு அவன் தூணில் சாய்ந்துகொண்டு கைப்பேசியில் சோலோ லெவலிங் படித்துக்கொண்டிருந்தான். பன்னிரண்டாவது படிக்கிற பையன், நருட்டோ, ஒன் பீஸ், டீமன் ஸ்லேயர் எல்லாம் அவனுக்கு அத்துப்படி. "அயித்தை, வேற ஏதாவது சொல்லுங்க, என் கூட்டாளிங்க யாரும் படிச்சிருக்கக் கூடாது" என்றான். மேல்மாடி அலமாரியிலிருந்து ஒரு கட்டு எடுத்து வந்து கொடுத்தேன். மறுநாள் காலையில் பணியாரத்தைப் பிட்டுக்கொண்டே, "இதுல சண்டையே வரலையே, எப்ப வரும்?" என்று கேட்டான். வராது தம்பி, நான் கொடுத்ததில் முக்கால்வாசியில் கடைசி வரைக்கும் வராது என்றேன். முகம் சுருங்கிவிட்டது. ஆனால் ஊருக்குக் கிளம்புவதற்குள் மூன்று முடித்துவிட்டான், நான்காவதைப் பையில் வைத்துக்கொண்டுதான் ரயில் ஏறினான். அவனுக்கு வாயால் சொல்லி முடியாமல் போனதையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

நானும் முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்தவள்தான். இரும்புக்கை மாயாவி மின்சாரம் பாய்ந்து மறைவதைப் படித்துவிட்டு சுவிட்ச் பக்கம் கையைக் கொண்டுபோய் அடி வாங்கியிருக்கிறேன். அந்தக் கதைகள் மேல் இன்றைக்கும் பிரியம் குறையவில்லை. ஆனால் எங்கள் ஊர்க் கதைகள் எல்லாமே புறப்பட்டுப் போன ஆட்களின் கதைகள். யார் எந்தக் கப்பலில் பினாங்குக்குப் போனார், யார் ரங்கூனில் எத்தனை கடை வைத்தார் என்று பெரியவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்வார்கள். வீட்டில் இருந்தவர்கள் அந்த வருஷங்களில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று யாரும் சொன்னதில்லை. இருந்தவர்களைப் பற்றி இவ்வளவு பொறுமையாகக் கதை சொல்ல முடியும் என்று எனக்குக் காட்டியவை ஜப்பானிலும் கொரியாவிலும் வந்த சில காமிக்ஸ். அவற்றில் பல இங்கே அதிகம் பேசப்படாதவை.

முதலில் யோகோஹாமா கைதாஷி கிக்கோ. ஹிதோஷி அஷினானோ எழுதி வரைந்தது. 1994 முதல் 2006 வரை ஆஃப்டர்னூன் என்ற மாத இதழில் தொடராக வந்தது, மொத்தம் 14 தொகுதிகள். யோகோஹாமாவுக்குச் சாமான் வாங்கப் போய்வந்த குறிப்பு என்பது போலத் தலைப்புக்குப் பொருள். முதல் கதையில் உண்மையாகவே அவ்வளவுதான் நடக்கிறது, காபிக்கொட்டை வாங்கப் போய்விட்டு வருகிறாள். கடல் ஏறிப் பழைய நகரங்களை முழுக்கிவிட்ட காலம். மனிதர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அதற்காக யாரும் அலறவில்லை, ஆயுதம் தூக்கவில்லை, பெட்ரோல் பங்க் வைத்திருக்கிற பெரியவர் தர்ப்பூசணி கொண்டுவந்து கொடுக்கிறார். ஆல்ஃபா என்கிற பெண் கடலோரத்தில் சின்னதாக ஒரு காபிக் கடை நடத்துகிறாள். அவள் ரோபோ. கடைக்குச் சொந்தக்காரர் எங்கோ கிளம்பிப் போய்விட்டார், எப்போது வருவார் என்று தெரியாது. அவள் பாட்டுக்குக் கடையைத் திறக்கிறாள், கூட்டுகிறாள், வருகிற ஒருவர் இருவருக்குக் காபி போடுகிறாள், யாரும் வராத நாளில் நிலா வடிவத்தில் இருக்கிற ஒரு நரம்பு வாத்தியத்தை எடுத்து வாசிக்கிறாள்.

இதைப் படித்தபோது எனக்கு என்ன ஆயிற்று என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தைச் சுற்றி, இரண்டு பக்கமும் அறைகள், கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று என்று கட்டியது. அதில் எட்டு அறை எப்போதும் பூட்டியே கிடக்கும். ஒரு சாவி கோலாலம்பூரில் இருக்கிறது, இரண்டு சென்னையில், ஒன்று யாரிடம் இருக்கிறது என்றே தெரியவில்லை. இருந்தாலும் வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தப் பூட்டிய கதவுகளுக்கு முன்னால் துடைத்துக் கோலம் போடுகிறோம். அப்பத்தா அறுபது வருஷம் போட்டார், இப்போது நான் போடுகிறேன். யாராவது வந்து கதவைத் திறப்பார்கள் என்று எதிர்பார்த்துத்தான் போடுகிறோமா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது, ஆனால் போடாமல் இருக்க முடியாது. ஆல்ஃபாவும் அப்படித்தான் கடையைத் திறக்கிறாள். சோகப் பாட்டு எதுவும் கிடையாது. ஒரு இடத்தில் சாயங்காலமாகிறது, முழுகிப்போன ஊரின் தெருவிளக்குகள் தண்ணீருக்கு அடியில் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பிக்கின்றன, மேலே நின்று பார்க்கிறவர்கள் ஒன்றும் பேசுவதில்லை. அந்தப் பக்கத்தை நான் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன் என்று கணக்கு இல்லை. 2007-ல் ஜப்பானின் அறிவியல் புனைவுக்கான செயுன் விருது இதற்குக் கிடைத்தது. ஆங்கிலத்தில் முறையாக வர ஆரம்பித்தது 2022-ல்தான். இவ்வளவு பேர் இதைத் தவறவிட்டதற்கு அதுவே காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். வேகமாகப் படிக்காதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம் போதும்.

மறந்துவிடும் முன் ஒன்று: ஜப்பான் மங்காவை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும், பின்னட்டை மாதிரி இருப்பதுதான் முன்னட்டை. கொரியப் புத்தகங்கள் நம் புத்தகம் போலவே இடமிருந்து வலம். கொரிய வெப்டூன் என்றால் கைப்பேசியில் மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே போவது.

அப்படி வெப்டூனாக வந்ததுதான் மிசேங். யூன் தே-ஹோ வரைந்தது, 2012-லும் 2013-லும் வந்த முதல் பருவமே முழு நாவல் மாதிரி இருக்கும். கொரியாவில் இது பெரிய பெயர், 2014-ல் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. நம் பக்கம் தொடரைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள், காமிக்ஸைப் படித்தவர்களை நான் இன்னும் சந்திக்கவில்லை. பதுக் என்று அவர்கள் சொல்கிற, கருப்பு வெள்ளைக் காய்களைக் கட்டத்தில் வைத்து ஆடும் ஆட்டத்தில் சின்ன வயதிலிருந்தே மூழ்கிக் கிடந்த பையன் சாங் கு-ரே. தொழில்முறை ஆட்டக்காரனாக வர முடியாமல் போகிறது. படிப்பும் இல்லை. யாரோ சிபாரிசு செய்து ஒரு ஏற்றுமதி இறக்குமதிக் கம்பெனியில் பயிற்சி ஆளாகச் சேர்கிறான். நகல் எடுக்கிற இயந்திரத்தைக்கூட எப்படித் தொடுவது என்று தெரியாது. மிசேங் என்றால் பலகையில் இன்னும் பிழைத்துவிட்டதாகச் சொல்ல முடியாத, செத்துவிட்டதாகவும் சொல்ல முடியாத காய். 1989-ல் கொரியாவின் சோ ஹுன்-ஹியுனும் சீனாவின் நியே வெய்பிங்கும் ஆடிய இறுதிப் போட்டியின் ஐந்தாவது ஆட்டத்திலிருந்து ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும் ஒரு நகர்த்தல் வரும். ஆட்டம் தெரியாமலே நான் படித்தேன், எதுவும் குறையவில்லை.

இதை ஏன் செட்டிநாட்டுக்காரர்கள் படிக்க வேண்டும் என்றால், இது பெட்டியடிப் பையனின் கதை. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன காலத்தில் பதின்மூன்று பதினான்கு வயதுப் பையனை ரங்கூனுக்கோ மோல்மீனுக்கோ அனுப்புவார்கள், பெட்டியடியில் உட்கார்ந்து காசு எண்ணி, மற்றவர்களுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்து, கணக்கு எழுதப் பழகி, பிறகு அடுத்தாளாகி, ரொம்ப வருஷம் கழித்துக் கடையையே நடத்துகிற மேலாளாவான். மூன்று வருஷம் அங்கே, அப்புறம்தான் ஊருக்கு வந்து முகம் காட்டலாம். அந்தப் பையன்கள் அங்கே முதல் நாள் எப்படி நின்றிருப்பார்கள் என்று எனக்கு நினைத்துப் பார்க்கவே தெரியவில்லை, சாங் கு-ரே தன் அளவைவிடப் பெரிய கோட் ஒன்றைப் போட்டுக்கொண்டு அந்த அலுவலக வாசலில் நிற்கிற வரைக்கும். அவனுடைய மேலதிகாரி ஓ சாங்-சிக் கத்துவார், குடிப்பார், தூங்காமல் வேலை பார்ப்பார், அந்தப் பையனைக் கடைசி வரை விட்டுக்கொடுக்க மாட்டார். அவரைப் போல ஒரு மேலாள் நம் தாத்தாக்களுக்குக் கிடைத்திருந்தால் நல்லது.

ஜிரோ தனிகுச்சி பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், அதனால் இரண்டே இரண்டு. நடக்கும் மனிதன் என்று சொல்லலாம், 1990-களின் தொடக்கத்தில் வந்தது. ஒருவர் தன் பேட்டைக்குள் நடக்கிறார், மரத்தில் சிக்கிய விளையாட்டு விமானத்தை எடுத்துக் கொடுக்கிறார், மழையில் நனைகிறார். கதை என்று ஒன்றுமில்லை. சாப்பாட்டுக்கு அப்புறம் திண்ணையில் படுத்துக்கொண்டு பார்க்க இதைவிட நல்ல புத்தகம் என்னிடம் இல்லை. இன்னொன்று ஆங்கிலத்தில் எ டிஸ்டன்ட் நெய்பர்ஹுட் என்று வந்தது. 48 வயது நகஹாரா, முந்தின இரவு குடித்த மயக்கத்தில் தப்பான ரயிலில் ஏறிச் சொந்த ஊருக்குப் போய்விடுகிறார். அம்மாவின் கல்லறைக்கு முன்னால் மயங்கி விழுகிறார். எழுந்தால் 14 வயது, வருஷம் 1963, மனசு மட்டும் அதே 48. அந்த வருஷம்தான் அவருடைய அப்பா, தையல் கடை வைத்திருந்த அமைதியான மனிதர், ஒரு வார்த்தை சொல்லாமல் வீட்டை விட்டுப் போனார். இப்போது மகனுக்குத் தேதி தெரியும். தடுக்க முடியுமா? அவ்வளவுதான் கதை, ஆனால் அந்த அப்பா ஏன் போகிறார் என்று மெல்ல மெல்லத் தெரியவரும்போது, தடுக்க வேண்டும் என்று நமக்கே தோன்றாமல் போய்விடுகிறது. என் அண்ணன் மகன் பையில் வைத்துக்கொண்டு போனது இதைத்தான். 2003-ல் பிரான்சின் ஆங்குலேம் காமிக்ஸ் விழாவில் கதைக்கான விருது வாங்கியது. தனிகுச்சி 2017-ல் காலமானார்.

இனி நான் உண்மையிலேயே எழுத வேண்டும் என்று நினைத்த புத்தகம்.

கும் சுக் ஜென்ட்ரி-கிம் வரைந்த காத்திருப்பு. ஆங்கிலத்தில் தி வெயிட்டிங், 2021. கொரியப் போர் தொடங்குகிறது, குடும்பம் வடக்கிலிருந்து தெற்கு நோக்கி நடக்கிறது, சாலை முழுக்கச் சனம். குவிஜா என்ற இளம் தாய், இடுப்பில் கைக்குழந்தை, கூடப் புருஷனும் மூத்த மகனும். குழந்தை பாலுக்கு அழுகிறது. ஓரமாக ஒதுங்கிப் பால் கொடுக்கிறாள். திரும்பி வந்து பார்த்தால் அவர்கள் இரண்டு பேரையும் காணவில்லை. எழுபது வருஷமாகக் காணவில்லை. இப்போது அவள் 92 வயதுக் கிழவி, வடக்கையும் தெற்கையும் சேர்ந்தவர்கள் உறவுகளைச் சந்திக்க அரசு நடத்துகிற சந்திப்புக்குத் தன் பெயர் குலுக்கலில் வருமா என்று பார்த்துக்கொண்டு இருக்கிறாள். கதையாக எழுதியிருந்தாலும் வேர் உண்மையானது, ஆசிரியருடைய அம்மாவுக்கு வடக்கில் பிரிந்துபோன ஒரு அக்கா இருக்கிறார் என்பது ஆசிரியருக்கே வளர்ந்த பிறகுதான் தெரியவந்தது. கருப்பு மசியில் தூரிகையால் இழுத்த மரங்கள், மலைகள், பனி. முகங்களுக்குச் சில கோடுகள்தான். 1983-ல் கொரியத் தொலைக்காட்சி பிரிந்த குடும்பங்களைத் தேட 138 நாள் நேரலை நடத்தியது, அதுவும் கதைக்குள் வருகிறது.

எங்கள் அப்பத்தாவுக்கு இப்போது 94 வயது. இரண்டு கண்ணிலும் அறுவை செய்தாயிற்று, சின்ன எழுத்து தெரியாது, படம் தெரியும். ஒரு மத்தியானம் இதை நான் படித்துக்கொண்டிருந்தபோது, "ஏத்தா, அது என்ன இவ்வளவு சனம் நடக்குது?" என்று கேட்டார். பக்கத்தில் உட்கார்த்தி ஒவ்வொரு பக்கமாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். குழந்தைக்குப் பால் கொடுக்க ஒதுங்கும் இடம் வந்ததும் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். "பிள்ளைக்குப் பால் குடுக்க நின்னது ஒரு தப்பா?" என்றார். வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் அவருடைய அப்பச்சியை, அதாவது அப்பாவைப் பற்றிச் சொன்னார்.

எனக்கு அந்தக் கதை துண்டு துண்டாகத் தெரியும், முழுசாக அன்றைக்குத்தான் கேட்டேன். அப்பத்தாவின் அப்பச்சி பர்மாவில் மேலாளாக இருந்தார். 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. மார்ச்சில் ஊரே அவர்கள் கைக்குப் போய்விட்டது. கப்பல் கிடைத்தவர்கள் கப்பலில் வந்தார்கள், கிடைக்காதவர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் காட்டிலும் மலையிலும் நடந்தார்கள், லட்சக்கணக்கான பேர், வழியில் விழுந்தவர்களுக்கு ஒழுங்கான கணக்கு கிடையாது. ஊரில் பத்து வயதுப் பிள்ளையாக இருந்த அப்பத்தாவுக்குத் தெரிந்ததெல்லாம் கடுதாசி நின்றுபோனது. அவருடைய ஆத்தா தினமும் இரண்டு பேருக்குக் கூடுதலாக உலை வைத்தார், ராத்திரி அந்தச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தார். ஆடி மாதத்தில் ஒரு நாள் வாசலில் தாடியும் மீசையுமாக யாரோ ஒரு பரதேசி வந்து நின்றான். அப்பத்தா பயந்துபோய் ஓடிச் சாமான் அறையில் ஒளிந்துகொண்டார். வெளியே ஆத்தாவின் குரல் கேட்ட பிறகுதான் அது அப்பச்சி என்று தெரிந்தது. அவர் கையில் ஒன்றும் இல்லை, இடுப்பில் கிட்டங்கிச் சாவி, அதாவது அங்கே தொழில் நடத்திய கட்டடத்தின் சாவி, மட்டும் இருந்தது. பூட்டிவிட்டுத்தான் நடக்க ஆரம்பித்திருக்கிறார். அந்தச் சாவி இன்னும் எங்கள் பெட்டகத்தில் இருக்கிறது.

"இவளுக்குப் பையன் கிடைச்சானா?" என்று கடைசியில் அப்பத்தா கேட்டார். அவருக்குச் சொன்னேன். இங்கே சொல்லப்போவதில்லை, நீங்களே படியுங்கள்.

இதே ஆசிரியரின் புல் என்கிற புத்தகம் ஆங்கிலத்தில் கிராஸ் என்று 2019-ல் வந்தது. ஜப்பான் ராணுவம் பாலியல் அடிமைகளாகக் கொண்டுபோன கொரியப் பெண்களில் ஒருவரான லீ ஓக்-சுன் சொல்லச் சொல்லக் கேட்டு வரைந்தது. 2020-ல் அமெரிக்காவின் காமிக்ஸ் விருதான ஹார்வி விருது வாங்கியது. கொடுமை நடக்கும் இடங்களில் ஆசிரியர் படத்தை நிறுத்திவிட்டுக் கருப்பையும் மரங்களையும் மட்டும் வரைகிறார். சின்னப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள், நீங்கள் கட்டாயம் படியுங்கள். நான் ஒரே மூச்சில் முடித்துவிட்டு இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

அப்பத்தாவைப் பொறுத்தவரை ஜப்பான்காரன் என்றால் குண்டு போட்டவன், அவ்வளவுதான். அவருக்கு அப்படித்தான் இருக்க முடியும். அதனால்தான் ஷிகேரு மிசுகியின் போர்க் கதையை எடுத்தபோது எனக்குள் ஒரு தயக்கம் இருந்தது. மிசுகி 1922-ல் பிறந்தவர், சாதாரணச் சிப்பாயாக நியூ பிரிட்டன் தீவின் ரபாவுல் பக்கம் அனுப்பப்பட்டவர், மலேரியாவில் கிடந்தவர், குண்டுவீச்சில் இடது கையை இழந்தவர். மீதியிருந்த ஒரு கையால் வாழ்நாள் முழுக்க வரைந்தார், 2015-ல் 93 வயதில் காலமானார். 1973-ல் அவர் வரைந்த இந்தப் புத்தகம் ஆங்கிலத்தில் ஆன்வர்ட் டுவர்ட்ஸ் அவர் நோபிள் டெத்ஸ் என்ற பெயரில் கிடைக்கிறது. மொத்தப் படையும் செத்துத்தான் ஆக வேண்டும் என்று மேலிடம் முடிவு செய்துவிடுகிறது. சிப்பாய்கள் பசியோடு பப்பாளி தேடுகிறார்கள், மேலே இருப்பவன் கன்னத்தில் அறைந்துகொண்டே இருக்கிறான், ஒருத்தன் மீன் தொண்டையில் சிக்கிச் சாகிறான். பின்னணிக் காடு புகைப்படம் மாதிரி அவ்வளவு நுணுக்கமாக இருக்கும், ஆட்கள் மட்டும் குழந்தை வரைந்த பொம்மை மாதிரி. அந்தப் பொம்மை முகங்கள் கடைசிப் பக்கங்களில் என்ன ஆகின்றன என்று பார்க்கும்போது தொண்டை அடைக்கிறது. எங்கள் குடும்பத்தைக் காட்டில் நடக்க விட்ட அதே ராணுவம் தன் பிள்ளைகளையும் எப்படி நடத்தியது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அப்பத்தாவிடம் இதைக் காட்டவில்லை. காட்டத் தோன்றவில்லை.

அவருக்குக் காட்டியது மிசுகியின் இன்னொரு புத்தகம், நொன்னொன்பா. 1977-ல் வந்தது, 2007-ல் ஆங்குலேம் விழாவின் பெரிய விருதை வாங்கிய முதல் மங்கா. கடலோரச் சின்ன ஊரில் மிசுகியின் பிள்ளைப் பருவம், அவர்கள் வீட்டுக்கு வந்து போகிற ஒரு கிழவி. ஊரில் உள்ள அத்தனை பேய் பிசாசும் அவளுக்குத் தெரியும். உத்தரத்தில் கறை இருந்தால், ராத்திரி நக்குவதற்கு ஒன்று வந்து போயிருக்கிறது என்பாள். இருட்டில் நடக்கும்போது பின்னால் காலடிச் சத்தம் கேட்டால் ஓடக் கூடாது, ஓரமாக நின்று "பெத்தோபெத்தோ, நீங்கள் முன்னால் போங்கள்" என்று மரியாதையாகச் சொல்ல வேண்டும், சத்தம் நம்மைத் தாண்டிப் போய்விடும். இதைச் சொன்னதும் அப்பத்தா வாய்விட்டுச் சிரித்தார். கருப்பர் வேட்டைக்குப் போகிற நேரம், சலங்கைச் சத்தம் கேட்டால் கதவைத் திறக்காதே என்று எனக்குச் சொல்லி வளர்த்தவர் அவர். பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்க இந்த வரிசையில் ஒன்றுதான் முடியும் என்றால் இதை வாங்குங்கள். கிழவி ஏழை, யாருக்கும் பெரிதாக வேண்டாதவள். அந்தப் பையனுக்கு மட்டும் அவள்தான் உலகம்.

கவுரு மோரியின் மணமகள் கதை, ஒத்தோயொமெகதாரி, 2008-ல் தொடங்கியது. மங்கா அதிகம் படிக்கிறவர்களுக்குத் தெரிந்த பெயர்தான், ஆனால் நம் ஊர்க்காரர்கள் வேறு ஒரு காரணத்துக்காகப் பார்க்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டு மத்திய ஆசியா, இருபது வயது அமீர், அவளுடைய கணவன் கார்லுக்குக்குப் பன்னிரண்டு வயது. அந்த வயது வித்தியாசம் எனக்கு நெருடியது, சிலருக்குத் தாண்டவே முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் முதல் தொகுதியில் ஒரு அத்தியாயம், வீட்டில் உள்ள ஒரு குட்டிப் பையன் வேலையை விட்டுவிட்டு மரம் செதுக்கும் கிழவரிடம் போய் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறான். உளி, சுருள் சுருளாக உதிரும் மரம், பூவும் கொடியுமாக எழும்பி வருகிற பலகை. எங்கள் வீட்டுத் தலைவாசல் நிலையைச் செதுக்க மாதக்கணக்கில் ஆசாரிமார் இங்கேயே தங்கியிருந்தார்கள் என்று சொல்வார்கள். அந்த யாளி, அந்தக் கிளி, அந்தக் கஜலட்சுமி எல்லாம் எந்தக் கையிலிருந்து வந்தன என்று நாம் கேட்டதே இல்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளில் அப்படிப்பட்ட நிலைகள் சுவரில் சாய்ந்து நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் மோரி அந்தக் கிழவருக்குக் கொடுத்த பக்கங்கள் ஞாபகம் வரும். தையல், நூல், ரொட்டி, எதையும் அவர் அவசரமாக வரைவதில்லை.

சாப்பாட்டுக்கு வருவோம். ஹாங் யோன்-சிக் வரைந்தது உம்மாவின் சாப்பாட்டு மேஜை (கொரிய மொழியில் உம்மா என்றால் அம்மா), ஆங்கிலத்தில் உம்மாஸ் டேபிள், 2020. மதாங் என்ற காமிக்ஸ் ஓவியர், மனைவி, கைக்குழந்தையோடு கிராமத்துக்குக் குடிபோகிறார். வயதான பெற்றோர் சியோலில் நிலத்தடி வீட்டில் இருக்கிறார்கள், அப்பா குடிப்பார், அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போய்க்கொண்டே இருக்கிறது. எல்லோரையும் பூனை முகத்தோடு வரைந்திருக்கிறார், அதனால் லேசான கதை என்று நினைத்துவிடாதீர்கள். தோட்டத்தில் முட்டைக்கோஸ் வளர்த்துக் கிம்ச்சி போடுவது, அம்மா ஊரோடு சேர்ந்து கிம்ச்சி போட்ட பழைய நாட்கள், மருத்துவமனைக் கட்டணம், தன் புதுக் குடும்பத்துக்கும் பழைய குடும்பத்துக்கும் நடுவே கிழிபடுகிற ஒரு மகன். அப்பத்தாவின் வெண்டைக்காய் மண்டி எனக்கு இன்னும் வரவில்லை. அரிசி கழுவிய தண்ணீர் அதே, புளி அதே, மொச்சை அதே. அடுப்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, இப்போது போடு, இப்போது இறக்கு என்று அவரே சொல்கிறார், அப்படியும் வரவில்லை. இந்தப் புத்தகத்தை நான் அழுதுகொண்டுதான் முடித்தேன்.

மா யோங்-ஷின் வரைந்த அம்மாக்கள், ஆங்கிலத்தில் மாம்ஸ், 2021-ல் ஹார்வி விருது வாங்கியது. தன் அம்மாவிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, உன்னைப் பற்றியும் உன் கூட்டாளிகளைப் பற்றியும் எழுது என்று மகன் சொல்லி, அதிலிருந்து பிறந்த கதை. கூட்டித் துடைக்கிற வேலை பார்க்கிற ஐம்பது வயதுப் பெண்கள், அவர்களுடைய காதல், கடன், சண்டை. ஆமாம், இதில் சண்டை உண்டு, குடுமிபிடிச் சண்டையே உண்டு. ஒரு மகன் தன் அம்மாவின் ஆசைகளை இவ்வளவு நேராகப் பார்த்து வரைந்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஜப்பானில் முராசாகி யமதா 1980-களிலேயே ஒரு குடும்பத் தலைவியின் நாட்களை வரைந்திருக்கிறார், டாக் டு மை பேக் என்று 2022-ல் ஆங்கிலத்தில் வந்தது. இரண்டு பெண் பிள்ளைகள், முகம் கொடுத்துப் பேசாத கணவன், தையல் மெஷின். கோடுகள் பாதியிலேயே நின்றுவிடும், சில முகங்களில் கண் மூக்கே இருக்காது. மத்தியானம் வீடு அடங்கின பிறகு படிக்க வேண்டிய புத்தகம்.

எப்படித் தேடுவது என்று கேட்பவர்களுக்கு: கொரியப் புத்தகம் என்றால் மொழிபெயர்ப்பாளர் இடத்தில் ஜேனட் ஹாங் என்ற பெயர் இருக்கிறதா பாருங்கள். மேலே சொன்ன காத்திருப்பு, புல், உம்மா, அம்மாக்கள் நான்கும் அவர் மொழிபெயர்த்ததுதான், இன்றுவரை அவர் பெயரை நம்பி எடுத்து நான் ஏமாந்ததில்லை. பதிப்பகம் என்றால் கனடாவின் டிரான் அண்ட் குவாட்டர்லி, மிசுகியும் யமதாவும்கூட அவர்களிடம்தான். விலை கூடுதல், ஒரு புத்தகம் ஒரு நல்ல கண்டாங்கிச் சேலை விலைக்கு வந்துவிடும். நான் வருஷத்துக்கு மூன்று நான்குதான் வாங்குகிறேன், பதினைந்து வருஷத்தில் ஒரு அலமாரி நிறைந்துவிட்டது.

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் இருப்பவர்கள் கேட்டால் படிக்கத் தருகிறேன். யோகோஹாமாவின் முதல் தொகுதியை இப்போது பக்கத்துத் தெருவில் ஒரு ஆச்சி வாங்கிப் போயிருக்கிறார், எழுபது வயது, முதல் தடவையாக மங்கா படிக்கிறார். வலமிருந்து இடமாகப் படிக்கச் சொல்லிக் கொடுத்து அனுப்பினேன். நேற்றுக் கோயிலில் பார்த்தபோது, அந்தக் கடைக்காரர் திரும்பி வருவாரா மாட்டாரா, அதை மட்டும் சொல்லிவிடு என்று கேட்டார். அடுத்த தொகுதியைத் தருகிறேன் ஆச்சி, படித்துக்கொள்ளுங்கள் என்றேன். அந்த டைலைப் பதிக்கக் கொத்தனார் வியாழக்கிழமை வருகிறார், அன்றைக்கு வீட்டில்தான் இருப்பேன், வருகிறவர்கள் அன்றைக்கு வாருங்கள்.